நூற்றி இருபத்தாறு பாகை

மேசையில் மூன்று கியர் தடிகள்.
கஜமுகன் எண்ணெய்த் துணியால் ஒருக்கால் துடைத்து
மீன்காரன் மாதிரி வரிசையாய் வைத்தான்.
"எல்லாம் உங்கட லான்சருக்குப் பூரும் அக்கா.
கைக்கு எது பூருதெண்டு நீங்கதான் பாக்கோணும்."

பழைய தடி போன மாதம்
மாங்குளம் சந்தி தாண்டி
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கையில்
கழுத்தோடு முறிந்து கையோடு வந்துவிட்டது.
பின்சீற்றில் இருநூறு கோழிக்குஞ்சு.
இரண்டும் இல்லாமல் மூன்றும் இல்லாமல்
வண்டி தன்பாட்டில் உருண்டு
ஒரு பாலைமரத்தடியில் போய் நின்றது.
நான் தடியை விடவில்லை.
இனி என்ன செய்வதென்று அது சொல்லுமாக்கும் என்று
பிடித்தபடியே இருந்தேன்.

முதலாவது தடி பஞ்சிகாவத்தையிலிருந்து
பெட்டியோடு வந்தது. குட்டை. சிவப்புக் குமிழ்.
பந்தயம் ஓடுகிறவர்கள் போடுவதாம்,
மணிக்கட்டை அசைத்தாலே போதுமாம்.
போதும்தான்.
தூரத்தைக் குறைத்தால் பாரம் கூடும்,
நெம்புகோல் ஒருவருக்கும் கடன் வைக்காது.
ஏறி இருந்து கிளச்சை மிதித்து இரண்டைப் போட்டேன்.
டக்.
அந்த ஒரு டக்குக்கு
இருநூறும் ஒருமிக்கக் கத்தும்.

இரண்டாவது ஏதோ செத்த வானில் கழற்றியது.
நீட்டு.
தயிருக்குள் கரண்டி விட்டதுபோல இறங்குகிறது,
குஞ்சுகள் கண்ணையும் திறவா.
ஆனால் ஒன்று போடக் கை எட்டிப் போகவேண்டும்
இடப்பக்கம், முன்னுக்கு, அந்தத் தொங்கல்வரை.
என் இடது முழங்கை முழுதாய் நிமிராது.
ஒன்று போட்டால்தானே வண்டி கிளம்பும்.

மூன்றாவது வெறும் கம்பி.
வளைவில்லை, நூல் வெட்டவில்லை.
"இது என்னடா?"
"ரெஜிநோல்ட் அண்ணையிட்டக் குடுத்தா
ஏதாவதாகும்."

பரந்தன் சந்தியில் லேத் பட்டறை.
முழங்கையைப் பற்றிக் கேட்கிறவர்கள்
எப்போதும் ஆண்டில்தான் தொடங்குவார்கள்.
ரெஜிநோல்ட் பாகைமானியோடு வந்தான்.
என்னைச் சீற்றில் இருத்தி,
வலக்கை ஸ்ரியறிங்கில்,
இடக்கையை நீட்டுங்கோ,
இன்னும்,
அவ்வளவுதானோ?
பித்தளை முள்ளை மூட்டில் வைத்து வாசித்தான்.
சிகரெட் மட்டையின் பின்பக்கம் எழுதினான்:
126.
அதன்கீழ் லான்சர், 80ஆம் ஆண்டு.
அதன்கீழ் முற்பணம் ஆயிரத்தைந்நூறு.
வேறொன்றும் கேட்கவில்லை.

இரும்பு சிவந்தது. நான் சோடா குடித்தேன்.
கழுத்தில் ஒரு வளைவு, என்னைப் பார்த்து.
"மயில் திரும்பிப் பாக்கிற மாதிரி" என்றான்.
எனக்குக் குடைக்காம்பு மாதிரித் தெரிந்தது.
சொல்லவில்லை.
ஒன்று போட்டேன். போனது.
தோளைச் சரிக்காமல்,
சீற்றிலிருந்து எழும்பாமல்,
போனது.

குமிழ்தான் பிழை.
நூலுக்குப் பொருந்தினது ஒன்றே ஒன்று,
அதில் ஐந்து கியர் வெட்டியிருக்கிறது.
என் பெட்டிக்கு நாலு.
"வவுனியாவில சொல்லி எடுக்கட்டோ?"
"கிடக்கட்டும்."

இன்று காலை ஒட்டுசுட்டானுக்கு
இருநூற்றி ஐந்து குஞ்சு. ஐந்து கொசுறு.
ஒன்று. இரண்டு.
பின்னால் சத்தமில்லை.
மூன்றில் ஒரு குஞ்சு கீச்சென்றது,
அது அவர்களுக்குள் ஏதோ சண்டை.
நாலு.
பிறகு நேர்த்தெரு, இரண்டு பக்கமும் காடு,
செய்ய வேலையில்லாத பெருவிரல்
குமிழில் இருந்த ஐந்தின் வயிற்றைத்
தடவிக்கொண்டே வந்தது.

வளைவில் ஒரு மாட்டுப்பட்டி,
நடுத்தெருவில், சாவகாசமாய்.
மூன்று.
இரண்டு.
தடி தடியாகவே இருந்தது.
கடைசி மாடு என்னைப் பார்த்துக்கொண்டு கடந்தது.

ரெஜிநோல்டுக்கு இன்னும் இரண்டாயிரம் குடுக்கவேணும்.